மச்சானின் வானும் மனைவியின் காப்பும்

கேள்வி: திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். வெளிநாட்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து மாதம் 140,000 ரூபாய் உழைத்தேன். இப்போது ஏஐ எழுதிவிடுகிறது, நான் பிழை திருத்துகிறேன்; வருவது 65,000. வீட்டுச் செலவு 55,000. நல்ல காலத்தில் மச்சானின் வான் லீசிங்குக்குப் பிணை நின்றேன், தவணை 42,000-ஐயும் நானே கட்டுகிறேன். ஏழு மாதத்தில் மனைவியின் நகை 230,000-க்கு அடகில். மாதம் 15% தரும் ஏஐ ட்ரேடிங் செயலியில் ஒரு இலட்சம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். மாதம் 15% என்றால் ஒரு இலட்சம் வருடத்தில் ஐந்து இலட்சத்தைத் தாண்டும். அப்படி உழைக்கிற இயந்திரம் கையில் இருப்பவர் உங்கள் காசுக்கு ஏன் அலைகிறார்? ஆள் சேர்க்கவும் சொன்னால் அது, பின்னால் சேருபவரின் காசை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டம். அதை வங்கிச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இனிக் கணக்கு. 55,000-மும் 42,000-மும் 97,000. வருவது 65,000. துண்டு 32,000, ஏழு மாதத்துக்கு 224,000. உங்கள் அடகுத் தொகையும் ஏறக்குறைய அதுதானே? காப்பும் சங்கிலியும் நேரே லீசிங் கொம்பனிக்குப் போயிருக்கின்றன.

பழைய 140,000 திரும்பும் என்று காத்திருக்கிறீர்கள் போல. ஒரு மணிநேர ஒலிப்பதிவுக்கு முன்பு நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். இயந்திரம் சில நிமிடத்தில் முடிக்கிறது. அந்த விலை இனி வராது. 65,000-தான் சம்பளம் என்று வையுங்கள். வான் தவணை இல்லாவிட்டால் மாதம் 10,000 மிஞ்சும். அடகு வட்டி வருடத்துக்கு 18% என்றாலும், சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து இரண்டரை வருடத்துக்குள் நகையை மீட்கலாம்.

பிணை நின்றவர் தவணையைச் சும்மா நிறுத்த முடியாது, கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பேர் விழும். நிலாவெளிக் கடற்கரைச் சீசனில் அந்த வான் ஓடுகிறதல்லவா, அந்தக் காசு எங்கே போகிறது? மச்சானிடம் கேட்கக் கூச்சமென்றால் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள், நகை அவருடையது. மச்சானால் கட்ட முடியாவிட்டால் மிச்ச லீசிங்கோடு வானை விற்கட்டும்.

தொழிலுக்கு ஒன்று: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஒப்பமும் முத்திரையும் கேட்கிறார்கள். ஏஐ ஒப்பமிடாது. சிங்களமோ தமிழோ ஆங்கிலத்தோடு நன்றாகக் கைவந்தால் அந்தப் பதிவுக்கு முயலுங்கள். தவணைக்கு விற்கிற ஏஐ கோர்ஸ் எதுவும் இப்போது வேண்டாம்.

வாடை தொடங்கினால் வான் முற்றத்தில்தான் நிற்கும், வாங்க வருபவரும் விலையைக் குறைப்பார். அதற்கு முன்னே, மச்சானையும் கூட்டிக்கொண்டு லீசிங் கொம்பனிக்குப் போங்கள்.