மே மாதம் மழை பிடித்ததும் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் மீன் விலை ஏறுவது ஏன்? மழைக்கெல்லாமா படகுக்காரர்கள் பயப்படுவார்கள்?

மழைக்கு அவர்களில் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. காற்றுக்குத்தான் பயம். ஹட்டனில் 6 வருடம் மீன் விற்றவன் நான், மேற்குக் கரையிலுள்ள சிலாபத்தில் சரக்கு எடுப்பேன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த எனக்குக் கடல் பழக்கமானதே அந்த வியாபாரத்தில்தான்.

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மேற்குக் கரையில் கடலைக் கிளப்பிவிடுகிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை இந்தப் பாடுதான். ரேடியோவில் ‘புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக’ என்று கடல் எச்சரிக்கை வாசித்தால் அடுத்த நாள் எனக்குச் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

கரையோரத் தொழிலுக்குப் போவது பெரும்பாலும் 18 அடி பைபர் படகு. மேல்தளம் கிடையாது, ஒரே ஒரு எஞ்சின். அலைக்கு நேராக முகம் காட்டும்வரை அது நன்றாகவே தாங்கும். எஞ்சின் நின்றால்தான் வினை. படகு தானாகப் பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை உள்ளே விழும். விழுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, படகும் அந்தப் பக்கமே சாயும். ஈர வலையின் பாரம் வேறு.

ஆனால் நடுக்கடலை விட, களப்பு (கடலோர ஏரி) கடலில் சேருகிற வாசலான முகத்துவாரத்துக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ஆழத்தில் சும்மா ஏறி இறங்குகிற அலை, மணல்திட்டு மேல் வந்ததும் செங்குத்தாக எழுந்து உடையும். களப்பிலிருந்து வெள்ளமும் எதிரே வந்தால் இன்னும் மோசம். ஒருநாள் ஒரு படகு வாசலுக்கு வெளியே அரை மணிநேரமாக நின்றது.

“ஏன் அண்ணே, கரை இந்தா இருக்கு, உள்ளே வரலாமே?” என்று கரையில் நின்ற ஒரு மீனவரிடம் கேட்டேன்.

“பெரிய அலையெல்லாம் கூட்டமாக வரும் தம்பி. அது போகட்டும் என்றுதான் நிற்கிறான்.”

அப்புறம் ஒரு அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அலையை முந்தினால் முனை குத்திக் கவிழும், பிந்தினால் பின்னால் வருவது மேலே ஏறிவிடும். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே கை நடுங்கியது.

காற்று சொல்லிவிட்டு வராத நாளும் உண்டு. 2013 ஜூனில் மேற்கு, தெற்குக் கரைகளில் அடித்த புயற்காற்றில் 40க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு விலை பேசும்போது என் வாய் கொஞ்சம் அடங்கிவிட்டது.

பலநாள் படகுகள் பெரியவை, ஓரளவு தாங்கும். அதனால் ஜூலையிலும் சூரை கிடைக்கும், சாளைதான் கிடைக்காது. சாளைதான் வேண்டுமென்றால் திருகோணமலை லொறி எப்போது வரும் என்று கடையில் கேட்டு வையுங்கள். அந்த மாதங்களில் அங்கே கடல் அமைதியாக இருக்கும், சிலாபத்து ஆட்களே பலர் கிழக்கில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள்.