ஓநாய் நாய்க்குட்டி வளரவில்லையா? முதலில் பல்லைப் பாருங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். இணைய விளம்பரம் பார்த்து, பக்கத்து நாட்டிலிருந்து தரகர் மூலம் ஒரு செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாய்க்குட்டி வாங்கினோம். ஆண். வந்த அன்று எடை ஆறரை கிலோ. பாஸ்போர்ட்டில் வயது 15 வாரம். அந்தக் கணக்குப்படி இப்போது 7 மாதம். தையல் டேப்பில் அளந்தால் உயரம் 59 செ.மீ., எடை 19 கிலோ. "40 சதவீதம் ஓநாய் ரத்தம், 80 செ.மீ. வரும்" என்றார் தரகர். இப்போது கேட்டால் கால்சியம் பவுடர் கொடுக்கச் சொல்கிறார், அதையும் அவரே விற்கிறார். குட்டி இனி வளருமா?

பதில்: வளரும். 80 மட்டும் வராது. ஜெர்மன் ஷெப்பர்டையும் ஓநாயையும் கலந்து உருவாக்கிய இந்த இனத்தின் சர்வதேசத் தர விதி ஆண் நாய்க்குக் குறைந்தது 65 செ.மீ., பெண்ணுக்கு 60 செ.மீ. என்கிறது. எடையும் அப்படித்தான்: ஆணுக்குக் குறைந்தது 26 கிலோ, பெண்ணுக்கு 20. உச்ச வரம்பு எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் 80, 85 என்று தங்கள் இஷ்டத்துக்கு எண்களை நிரப்புகிறார்கள். நெதர்லாந்தின் சார்லோஸ் ஓநாய் நாய்க்குக்கூட ஆணின் அளவு 65 முதல் 75 வரைதான். குழந்தை பக்கத்தில் மலைபோல நிற்கும் விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். நாயை முன்னால் நிறுத்தி, கேமராவைத் தரையோடு வைத்தால் எந்த நாயும் மலைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது உயரம் அல்ல, வயது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 12 வாரம் முடிந்த பிறகே போடலாம்; போட்டு 21 நாள் கழிய வேண்டும். ஆகவே இன்னொரு நாட்டிலிருந்து 15 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை ஜெர்மனிக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் 8 வாரக் குட்டிக்குத்தான் சந்தையில் விலை. அந்த வயதில்தான் பார்த்தவுடன் மனசு இளகும். அதனால் பிறந்த தேதியைச் சில வாரம் முந்தையதாக எழுதி, முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். எல்லையில் பெரும்பாலும் யாரும் குட்டியின் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. தாளில் முத்திரை இருக்கிறதா, சரி, போகலாம். இந்த லட்சணத்தில் ஒரு சட்டம்! 15 வாரத்தில் இந்த இனத்து ஆண் குட்டி ஆறரை கிலோ இருக்காது, அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். உங்களுடையது எட்டு வாரக் குட்டியின் எடை.

இன்றே மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பால் கோரைப்பல் ஊசிபோல மெலிந்திருக்கும். நிரந்தரக் கோரைப்பல் அடி தடித்து வெள்ளையாக இருக்கும். நிரந்தரக் கோரைப்பல் முளைப்பது 5 முதல் 6 மாதத்தில். 7 மாதத்தில் 42 பற்களும் வந்திருக்க வேண்டும். ஊசிப்பல்லும் புதுப்பல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உங்கள் குட்டிக்கு வயது ஐந்தரை மாதம் சொச்சம்தான்.

அடுத்தது அளவு. தையல் டேப் தோளின் வளைவோடு ஓடும், இரண்டு செ.மீ. கூட்டிக் காட்டும். குட்டியைச் சமதரையில், சுவரோரம் நிறுத்துங்கள். முன்னங்கால்கள் நேராக, தலை தூக்காமலும் தொங்காமலும் இருக்கட்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இரண்டு தோள்பட்டை எலும்புகளின் முனை கைக்குத் தட்டுப்படும். ரோமத்தை அழுத்தி, அங்கே ஒரு மட்டப்பலகையைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடு போடுங்கள். மூன்று முறை போட்டு நடுவில் வருவதை எடுங்கள். காதுநுனி வரை அளப்பது விற்பவர்களின் கணக்கு.

உங்கள் 59 உண்மையில் 57 என்று வைத்துக்கொள்வோம். பெரிய இன நாய்கள் ஐந்தரை மாதத்தில், தோராயமாக, இறுதி உயரத்தில் 85 சதவீதத்தைத் தொட்டுவிடும். அப்படியானால் முடிவு 66, 67 வாக்கில். மெய்யாகவே 7 மாதம் என்றால் 90 சதவீதம் தாண்டியிருக்கும். 61, 62-இல் நின்றுவிடும். ஒன்றரை மாதப் பொய் எவ்வளவு வேறுபாடு செய்கிறது பாருங்கள். சந்தேகம் தீர முன்னங்கால் மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே போதும். எலும்பின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தால் வளர்ச்சி பாக்கி இருக்கிறது. ஒரு வயதுவாக்கில் அது மூடிவிடும். அதன்பின் மார்பு அகலும், சதை பிடிக்கும். அது மூன்று வயது வரைகூட நடக்கும். உயரம் ஏறாது.

ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: குள்ளநோய். ஜெர்மன் ஷெப்பர்டிலிருந்து செக்கோஸ்லோவாக்கிய, சார்லோஸ் ஓநாய் நாய் இனங்கள் இரண்டுக்கும் வந்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சரியாக உருவாகாமல் வளர்ச்சி ஹார்மோன் கிடைக்காது. காரணமான எல்எச்எக்ஸ்3 மரபணுப் பிழையைக் கண்டறிந்தது நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு. தாய், தகப்பன் இருவரிடமும் அந்தப் பிழை இருந்தால்தான் குட்டிக்கு நோய், அதுவும் நாலில் ஒன்றுக்கு. அப்படிப்பட்ட குட்டி இரண்டு, மூன்று மாதத்திலேயே கூடப்பிறந்தவற்றைவிடக் கண்கூடாகச் சிறுத்து நிற்கும். குட்டி ரோமம் உதிராமல் பஞ்சுபோல இருக்கும், பிறகு உடம்பில் முடி கொட்டி வழுக்கை விழும். முகம் நரிபோல் இருக்கும். 57 செ.மீ. நிற்கும் உங்கள் குட்டிக்கு இது இல்லை. பிழையை ஒற்றையாகச் சுமக்கும் நாய் முழு உயரம் வளரும், பார்த்தால் தெரியாது. அதனால்தான் பெற்றோரின் மரபணுச் சோதனைத் தாளைக் கேளுங்கள் என்கிறோம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சு தேய்த்து எடுக்கும் சின்னச் சோதனை. தரகரிடம் அந்தத் தாள் இருக்காது.

'40 சதவீதம்' கதைக்கு வருவோம். இந்த இனத்தில் கடைசியாக ஓநாய் சேர்க்கப்பட்டது 1983-இல். நெருங்கிய முந்தைய தலைமுறையிலேயே ஓநாய் இருந்தால் அது செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாயே அல்ல. முந்தைய நான்கு தலைமுறைக்குள் ஓநாய் இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய வனவிலங்கு வணிக விதிகள் பாயும். ஆகவே தரகர் சொன்னது பொய், இல்லையென்றால் குற்றம். எதுவானாலும் பவுடரைத் திருப்பிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே விட்டுவிடும்; மூட்டுக் குருத்தெலும்பு கெடும், கால் வளையும், உயரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தில் கால்சியம் 1 முதல் 1.5 சதவீதம் இருக்கும், அது தாராளம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்படும் அளவில் உணவை வையுங்கள். அதிகம் போட்டால் சீக்கிரம் வளரும், உயரமாக வளராது.

"ஆறு மாதத்தில் விதை நீக்கினால் கால் நீளும்" என்றும் அடுத்து சொல்வார்கள். ஓரளவு நீளும், உண்மைதான்: எலும்பு முனை தாமதமாக மூடுவதால். மூட்டுக்கோளாறும் அதே கணக்கில் கூடும். எக்ஸ்ரேயில் கோடு மூடியது உறுதியான பிறகு அந்தப் பேச்சை எடுங்கள்.