தனியார் கம்பஸில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய ஒரு எண்

கேள்வி: மகள் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டாள். அரச பல்கலைக்கழகத்துக்கு இசட் ஸ்கோர் (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் மதிப்பெண்) போதவில்லை. கொழும்பில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்க்க யோசிக்கிறோம். போகிற இடத்தில் எல்லாம் "இத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள், வருடா வருடம் சேர்க்கை கூடுகிறது" என்கிறார்கள். இந்த எண்களை எப்படிப் பார்ப்பது?

பதில்:

மொத்தம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். மகள் சேரப்போகிற அதே பட்டப்படிப்பில், ஒரு பழைய பேட்ச்சைச் சொல்லிக் கேளுங்கள். முதலாம் வருடத்தில் எத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? படிப்பு மூன்று வருடம் என்றால் நான்கு வருடத்துக்கு முன் சேர்ந்த பேட்ச். நான்கு வருடம் என்றால் ஐந்தாறு வருடத்துக்கு முன் சேர்ந்த பேட்ச். இதற்கு எழுத்தில் பதில் தருகிற இடத்தோடு மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் அனுமதிப் பிரிவில் சில வருடங்கள் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் மாணவர் எண்ணிக்கைப் பட்டியலைத் தயாரித்தது நான்தான். எக்ஸெல் ஷீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. கடைசிப் பத்தியில் அந்தப் பிள்ளையின் நிலை: பதிவு, கட்டணம் பாக்கி, ஒத்திவைப்பு, விலகல். விலகல் என்று போட்டால்தான் அந்த வரி கூட்டுத்தொகையிலிருந்து கழியும். "ஒத்திவைப்பு" என்று போட்டால் கழியாது. வகுப்பில் இல்லாத பிள்ளையும் எண்ணிக்கையில் இருக்கும்.

2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு கட்டணத்தில் ஒரு பகுதி பிரித்தானிய பவுணில். சேரும்போது கணக்குப் போட்ட ரூபாய், கட்டுகிற நாளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கவுன்டரில் ஒத்திவைப்புப் படிவம் முடிந்து, மறுபடி போட்டோகொப்பி எடுக்க வேண்டி வந்தது. ஒத்திவைப்பு வரிகளுக்கு நான் மஞ்சள் நிறம் போடுவேன். அந்த வருடம் இரண்டாம் வருட ஷீட்டைத் திறந்தால் மஞ்சள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் புதிய இன்டேக், அதாவது அந்த முறை சேர்ந்த பிள்ளைகள் கூட்டம், நன்றாக வந்திருந்தது. அதனால் கீழே கூட்டுத்தொகை போன வருடத்தைவிடக் கூடுதல். அந்தத் தொகைதான் அடுத்த விளம்பரத்தில் போனது.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அப்பா வந்தார். மகளுக்கு ஒத்திவைப்புப் படிவம் நிரப்ப வந்தவர், பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்திக் கேட்டார்: "மிஸ், இவளோட சேர்ந்த பிள்ளைங்க எத்தனை பேர் இப்ப வாறாங்க?" ஷீட் எனக்கு முன்னால் திறந்தபடிதான் இருந்தது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "பார்த்துச் சொல்கிறேன் அங்கிள்" என்றேன். சொல்லவில்லை. இப்போது நீங்கள் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சேர்க்கை கூடுகிறது என்பது ஏன் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது என்பதைப் பாருங்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் குறைந்தபட்சத் தகுதியை ஏஎல்லில் பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது ஏறக்குறைய 40 ஆயிரம் சொச்சம் பேருக்கு. மிச்சப் பேரில் காசு புரட்டக்கூடிய குடும்பங்கள் எங்காவது சேர்க்கத்தான் செய்வார்கள். நல்ல இடமும் நிரம்பும், சுமாரான இடமும் நிரம்பும்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மை. கலைப்பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட் ஸ்கோர், பொதுவாக மேல் வரிசையில்தான் நிற்கும். பின்தங்கிய மாவட்டம் ஒன்றில் பொறியியலுக்குப் போகக்கூடிய இசட் ஸ்கோரோடு கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கும். அந்த ஒதுக்கீடு நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. பாடசாலை வசதியில் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். இங்கே சொல்ல வந்தது, உங்கள் மகளுக்கு இடம் கிடைக்காததை வைத்து அவள் படிக்கமாட்டாதவள் என்று ஒருவரும் முடிவு கட்ட வேண்டாம் என்பதே. மகளிடமும் அதைச் சொல்லுங்கள். கவுன்டருக்கு வந்த எத்தனையோ பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டுதான் பெறுபேற்றுத் தாளை நீட்டின.

அரச பக்கத்தில் ஒரு நல்ல விஷயம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியே வைக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் தெரிவானார்கள், வெட்டுப்புள்ளி என்ன என்று யாரும் பார்க்கலாம். தனியார் பக்கத்தில் பெற்றோர் கையில் கிடைப்பது பெரும்பாலும் வண்ணக் கையேடு. அதில் வருகிற சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

"விண்ணப்பங்கள்" என்றால் சில இடங்களில் பிஎம்ஐசிஎச் மாநாட்டு மண்டபத்துக் கல்விக் கண்காட்சியில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தவர்களும் சேர்த்திதான். "அனுமதி பெற்றோர்" என்றால் கடிதம் அனுப்பப்பட்டவர்கள். ஒரே பிள்ளைக்கு நான்கு இடத்திலிருந்து கடிதம் வரும், அது சேருவது ஒரு இடத்தில். "பதிவு செய்தோர்" என்றால் பதிவுக் கட்டணம் கட்டியவர்கள். அவர்களில் சிலர் முதல் தவணைக் கட்டணத்துக்கு முன்பே வெளிநாட்டு விசா வந்து போய்விடுவார்கள். ஒரு பேச்சுக்கு ஆயிரம் விண்ணப்பம், அதில் எண்ணூறு கடிதம், அதில் இருநூற்றைம்பது பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் எது வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, "மாணவர்கள்" என்ற மொத்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஓஎல் (சாதாரணதரப் பரீட்சை) முடித்துவிட்டு பவுண்டேஷன் படிப்பவர்கள், சனி ஞாயிறு டிப்ளோமாக்காரர்கள், மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் தலைக்கு ஒன்று. அவர்கள் படிப்பதில் தவறே இல்லை. வேலை செய்துகொண்டே சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களைப் போல அக்கறையாகப் படிக்கிறவர்களை நான் கண்டதில்லை. ஆனால் உங்கள் மகள் உட்காரப்போகிற பட்டப்படிப்பு வகுப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

அப்புறம் டொப்-அப். டிப்ளோமாவை வேறெங்கோ முடித்துவிட்டு கடைசி வருடத்தில் மட்டும் வந்து சேர்கிற முறை இது. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டத்தை முடித்துவிடுவார்கள், ஒரு வருடம்தானே. முதலாம் வருடத்தில் சேர்ந்த நூறு பேரில் நாற்பது பேர் நின்றுவிட்டாலும், கடைசி வருடத்தில் ஐம்பது பேர் புதிதாக வந்தால் பட்டமளிப்பு மேடையில் நூற்றுப்பத்துப் பேர் ஏறுவார்கள். பார்க்கிறவருக்கு ஒருவரும் நிற்கவில்லை என்று தோன்றும். அதனால்தான் "முதலாம் வருடத்தில் சேர்ந்தவர்களில்" என்று அழுத்திக் கேட்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1990இல் வந்த சட்டப்படி, முதல் தடவையாக முழுநேரமாகச் சேர்ந்த ஒரு பேட்ச்சை எடுத்து, படிப்புக்குரிய காலத்தின் ஒன்றரை மடங்குக்குள், அதாவது நான்கு வருடப் பட்டத்துக்கு ஆறு வருடத்துக்குள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்வி நிறுவனங்கள் வெளியிட வேண்டும். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் இருக்கிற தனியார் பல்கலைக்கழகமும் தப்ப முடியாது. அங்கேயும் எண்கள் தவறலாம் என்பது வேறு. 2022இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தான் வேலை செய்கிற இடமே தரவரிசைக்குக் கொடுத்த எண்களைச் சரிபார்த்து, பொருந்தவில்லை என்று எழுதினார். 20க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள வகுப்புகள் சுமார் 83 வீதம் என்று சொல்லியிருந்தார்கள், திருத்தியபோது அது 57 வீதமானது. இரண்டாம் இடத்திலிருந்த பல்கலைக்கழகம் 18ஆம் இடத்துக்கு இறங்கியது. வேறு இடங்களிலிருந்து மாறி வருகிற மாணவர்கள் பட்டம் முடிக்கும் வீதக் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நம்முடைய டொப்-அப் சங்கதிக்குத் தூரத்துச் சொந்தம் அது. அவர் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது, பொதுவில் கிடைக்கிற தகவலை வைத்தே அவர் எண்ணினார் என்பது.

நீங்களும் எண்ணலாம். பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு நூல் அடிப்பார்கள், பட்டம் பெறுகிறவர்களின் பெயர்கள் கற்கைநெறி வாரியாக வரிசையாக இருக்கும். அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளையைத் தெரிந்தால் வீட்டு அலுமாரியில் அந்த நூல் இருக்கும். நான் வேலையை விட்ட பிறகு ஒரு நாள் அந்த நூலை மேசையில் வைத்துப் பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். ஷீட்டில் நான் தட்டச்சு செய்த பெயர்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பெயரைத் தேடினேன். அந்த நூலில் இல்லை, அதற்கு அடுத்த வருட நூலில் இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவளோடு சேர்ந்த வேறு பல பெயர்கள் இரண்டிலும் இல்லை.

எண்ணிக்கைக்கு முன்பே பார்க்க வேண்டியது அங்கீகாரம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடினால் கிடைக்கும் தகவல்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களை ஆணைக்குழுவின் இணையதளத்தில் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் இருப்பதோடு திருப்திப்படாமல், மகள் படிக்கப்போகிற பட்டத்தின் பெயர் அதே சொற்களில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேளுங்கள். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழில் அமைப்பின் அங்கீகாரம் தனி. மாலபேயில் சைட்டம் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தது நினைவிருக்கும். பட்டம் வழங்க அங்கீகாரம் இருந்தும், மருத்துவ சபைப் பதிவு வருடக்கணக்கில் வழக்கில் இழுபட்டது. 2017இல் அதை மூடுவதாக அரசாங்கம் அறிவித்தது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். எத்தனை பேர் சேர்ந்திருந்தார்கள் என்ற எண் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

கேட்கப் போகும்போது முன்கவுன்டரில் இருக்கிற ஆலோசகரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர்களுக்கு மாத இலக்கு இருக்கும், இந்த எண் அவர்கள் கையில் இருக்காது. பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டே வரி: இந்தப் பட்டம், இந்த இன்டேக், முதலாம் வருடத்தில் சேர்ந்தோர் எத்தனை, அவர்களில் இன்றுவரை பட்டம் பெற்றோர் எத்தனை, ஒத்திவைத்தோர் எத்தனை. நேர்மையாக நடத்துகிற இடங்கள் பதில் போடும். குறைந்த எண்ணாக இருந்தாலும் காரணத்தோடு சொல்கிற இடத்தை நான் மதிப்பேன். 2020, 2021 பேட்ச்களில் பல பிள்ளைகள் நின்றதற்கு கொரோனாவும் டொலரும் காரணம், அதற்கு முழுப்பழியையும் கம்பஸ் மேல் போட முடியாது. "அது உள்ளகத் தகவல்" என்று சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள். பதில் தருகிற இடத்திலும், கட்டணம் எந்த நாணயத்தில், ஒத்திவைத்துத் திரும்பி வந்தால் பழைய கட்டணமா புதிய கட்டணமா, பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போகிற நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுற்றிக் காட்டுகிறவர் நூலகத்தையும் லேப்பையும் காட்டி முடித்த பிறகு, கன்டீன் பக்கம் கொஞ்ச நேரம் இருங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகள் தேநீருக்கு வருவார்கள். முதல் வருடத்தில் பேட்ச் வட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மகளே கேட்கட்டும். பிள்ளைகள் பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்வார்கள்.