52-ஆவது பெயர்

கேள்வி: ஏழு அடி இரண்டு அங்குல உயரமுள்ள சத்னம் சிங்கை 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி தேர்ந்தெடுத்தது. பிறகு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடவிடாமல் மல்யுத்தத்துக்குத் துரத்திவிட்டார்கள். இந்தியச் சந்தைக்காக ஆசை காட்டி ஏமாற்றிய வேலைதானே இது?

பதில்: உங்கள் கோபம் முழுக்க 'தேர்ந்தெடுத்தது' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்தத் தேர்வு, அதாவது டிராஃப்ட், வேலை நியமனம் அல்ல. ஒரு வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எந்த அணிக்கு என்று முடிவு செய்யும் ஏற்பாடு, அவ்வளவுதான். 30 அணிகள், இரண்டு சுற்று, 60 பெயர்கள். முதல் சுற்றில் வருபவருக்குச் சம்பள அட்டவணை உண்டு, முதல் இரண்டு ஆண்டுப் பணமும் உறுதி. 31-ஆவது பெயரிலிருந்து அந்த உறுதி கிடையாது. சத்னம் 52-ஆவது. அந்த வரிசையில் வரும் அமெரிக்கப் பையன்களிலும் பலர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கரைந்துபோகிறார்கள். அவர்களுக்காக யாரும் நமக்குக் கடிதம் எழுதுவதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தது டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸ். துணை அணிகள் ஆடும் அன்றைய டி-லீக்கில் ஒரு பருவச் சம்பளம் 13,000 முதல் 25,000 டாலர் வரை. அதே ஆண்டு என்.பி.ஏ.வில் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் ஐந்து லட்சம் டாலருக்கு மேல். துணை அணியில் ஆடிக்கொண்டே மேலணிக்கும் போய்வர வழி செய்யும் 'டூ-வே' ஒப்பந்தம் 2017-18 பருவத்தில்தான் வந்தது. அதற்குள் லெஜண்ட்ஸில் அவருடைய இரண்டு பருவமும் முடிந்துவிட்டது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். டிராஃப்ட் நடந்தது ஜூன் 25. அதற்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில், ஏழு அடி சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்) ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆறு அடி ஆறு அங்குல இகுடாலாவோடு தொடங்கிய அணி அது. சென்டரிடம் எல்லோரும் எதிர்பார்த்தது மாறிப்போயிருந்தது. எதிரணிக்காரர் ஸ்கிரீன் போட்டதும் (தடுப்பாளரின் வழியில் உடம்பால் குறுக்கே நின்றதும்), பந்தோடு வரும் கார்டு ஆட்டக்காரரை வெளியே வந்து இரண்டு எட்டு மறிக்க வேண்டும். உடனே திரும்பி வளையத்தைக் காக்க ஓட வேண்டும். சுமார் 130 கிலோ உடம்புக்கு இதை ஆட்டம் முழுக்கச் செய்வது பெரும்பாடு. வெளியே வராமல் பின்வாங்கி நின்றால், 7.24 மீட்டர் தள்ளியுள்ள மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிவதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

நம் ஆட்கள் கவனிக்காத விதி ஒன்று உண்டு. எதிராளியை நெருங்கிக் காக்காமல் வளையத்தடியில் தடுப்பாளர் மூன்று விநாடிக்கு மேல் நிற்க என்.பி.ஏ.வில் அனுமதியில்லை. நாம் ஆடும், உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் அந்தத் தடையே இல்லை. இங்கே உயரமானவனை வளையத்தடியில் நட்டுவைத்துப் பழக்கிவிடுகிறோம். அங்கே போனதும் அவனை அங்கிருந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

சத்னத்துக்கு உண்மையில் போதாமல் போனவை ஆட்ட நிமிடங்கள். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துக் கிராமத்துப் பையன், லூதியானா அகாடமி வழியாக 2010-ல் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனபோது வயது 14. கல்லூரி ஆட்டத்துக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கேட்கும் படிப்புத் தகுதியை எட்ட முடியாததால், 19 வயதில் நேராக வளர்ந்த ஆண்களோடு மோத வேண்டியதாயிற்று. கல்லூரிக்குப் போனவன் ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டம் ஆடிவிட்டு வருகிறான். அந்தக் கணக்கை உயரத்தால் ஈடுகட்ட முடியாது.

சந்தைக் கணக்கே இல்லை என்று நானும் சாதிக்கமாட்டேன். அதே 2015 ஏப்ரலில், இந்திய வம்சாவளி கனடாக்காரர் சிம் புல்லருக்கு சாக்ரமென்டோ கிங்ஸ் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். ஏழு அடி ஐந்து அங்குலப் புல்லர் ஆடியது மூன்றே ஆட்டம், எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள். சந்தை வாசல் வரைதான் கொண்டுவிடும்.

எனக்கு அம்ஜியோத் சிங், அம்ரித்பால் சிங் போன வழி பிடிக்கும். இருவரும் முதலில் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணியில் ஆடினார்கள். பிறகு 2017-ல் அம்ரித்பாலை சிட்னி கிங்ஸ் எடுத்தது. அம்ஜியோத் என்.பி.ஏ. துணை அணியான ஓக்லஹோமா சிட்டி ப்ளூவுக்குப் போனார். அப்படிப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது தேசியச் சம்மேளனம் தரும் 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' என்ற அனுமதிக் கடிதம். அது கைக்கு வராமல் களமிறங்க முடியாது. ஏஜென்டுக்கு ஃபிபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் பாக்கி விழுந்தால் ஜெனீவாவிலுள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உள்ளூர் நீதிமன்றப் படியேற வேண்டிவரும்.

கடைசியாக, 'துரத்தியது'. அது என்.பி.ஏ. செய்த வேலை அல்ல. 2019 நவம்பரில், தெற்காசிய விளையாட்டுக்கான பயிற்சி முகாமில் ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த மாதிரியில், தடைசெய்யப்பட்ட ஹைஜெனமைன் இருந்தது. சில தாவரங்களில் இயல்பாகவே உள்ள பொருள். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் சத்துப் பொடிகளில், வாயில் நுழையாத தாவரப் பெயருக்குப் பின்னே ஒளிந்திருக்கும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது குற்றத்தைத் துடைக்காது. உடம்பில் இருந்தால் வீரரே பொறுப்பு. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா' விதித்தது இரண்டு ஆண்டுத் தடை. அமெரிக்காவின் மல்யுத்த நிறுவனமான ஆல் எலைட் ரெஸ்லிங்கோடு அவர் கையெழுத்திட்டது 2021-ல், அந்தத் தடை முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது.