சாப்பாட்டு மேசையடியில் நாயும் பூனையும்: கேள்வி பதில்

கொழும்பில் நாய், பூனை வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளும், நெடுங்காலமாக வீட்டு நாய்களைப் பழக்கிவருபவர் என்ற முறையில் என் பதில்களும்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா: எங்கள் லாப்ரடோர், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று சிணுங்கும். நாங்கள் யாரும் கொடுப்பதில்லை. அம்மம்மா மட்டும் இடைக்கிடை ஒரு துண்டு இடியப்பம் போடுவார். அதனால் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: அந்த ‘இடைக்கிடை’தான் அக்கா, முழுக் காரணமும். தினமும் தவறாமல் கிடைத்த ஒன்று நின்றுபோனால் நாய் சீக்கிரம் கைவிட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைப்பதை விடவே விடாது. லொத்தர் சீட்டு வாங்குகிறவர் போல, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று காத்திருக்கும். வீட்டில் நாலு பேர் மறுத்து ஒருவர் கொடுத்தாலும் நாய்க்கு அது கிடைக்கிற மேசைதான்.

அதற்காக அம்மம்மாவைத் தடுக்க வேண்டாம். வயதானவர் அன்பாகச் செய்வதை நிறுத்தச் சொன்னால் மனம் நோகும். ஒளித்துக் கொடுக்கவும் தொடங்குவார். நாயின் அன்றைய உணவிலிருந்தே ஒரு பிடியை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு, கை கழுவி, நாயும் தன் இடத்தில் படுத்த பிறகு அவரே போய்ப் போடட்டும். நாய்க்கு அம்மம்மாவும் வேண்டும், அம்மம்மாவுக்கு நாயும் வேண்டும். நேரமும் இடமும் மாறினால் போதும்.

இன்னொன்று. லாப்ரடோரைப் ‘பேராசை பிடித்தது’ என்று திட்டாதீர்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடோருக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் ஒரு மரபணுவில் ஒரு பகுதி குறைவு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்கு உண்மையாகவே பசிக்கலாம். நீங்கள் சாப்பிட உட்காருமுன் அதன் சாப்பாட்டை அளந்து வைத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: கொடுப்பதை அடியோடு நிறுத்தினோம். இப்போது முன்னைவிட மோசம். குரைக்கிறது, பக்கத்து வீட்டார் முறைப்பாடு சொல்கிறார்கள்.

பதில்: நிறுத்தினதும் கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும் தம்பி. முன்பு பலித்தது பலிக்காததால் இன்னும் சத்தமாகக் கேட்டுப் பார்க்கிறது. இந்த நேரத்தில் மனம் இளகி ஒரு துண்டு போட்டால், குரைத்தால் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டின தொடர்மாடியில் குரைக்க விட்டுக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே ‘கேட்காதே’ என்பதோடு நிற்காமல், அதற்கு வேறு வேலை கொடுங்கள்.

மேசையிலிருந்து தள்ளி ஒரு பாயை விரியுங்கள். முதலில் சாப்பாடு இல்லாத நேரத்தில், பாயில் போய்ப் படுத்ததும் அங்கேயே ஒரு சின்னத் தீனி. பிறகு நீங்கள் வெறும் தேத்தண்ணியோடு மேசையில் உட்கார்ந்து பழக்குங்கள். அது படுத்தே இருந்தால் எழுந்துபோய்ப் பாயில் கொடுங்கள். அப்புறம்தான் உண்மையான சாப்பாடு. தீனிக்கு இடையிலான நேரத்தை மெல்ல மெல்ல நீட்டுங்கள். எழுந்து வந்தால் திட்டாமல், பேசாமல் திரும்பப் பாய்க்குக் கூட்டிப் போங்கள். திட்டுவதும் அதற்கு ஒரு கவனிப்புத்தான். பக்கத்து வீட்டாரிடம் பழக்கிக்கொண்டிருப்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தெஹிவளையிலிருந்து ஓர் அம்மா: என் பூனைக்குப் பன்னிரண்டு வயது. கொஞ்ச நாளாகக் குசினியில் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. எவ்வளவு வைத்தாலும் தின்கிறது, ஆனால் மெலிந்துகொண்டே போகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: பழக்க வேண்டாம் அம்மா, இந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வயதான பூனை நிறையத் தின்றும் மெலிந்தால் தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்யலாம், நீரிழிவாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள்.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: மேசையில் கொடுக்காமல், மிஞ்சின சொதிச் சோறும் கறி எலும்பும் நாயின் பாத்திரத்திலேயே போடலாமா?

பதில்: பாத்திரத்தில் போடுவது நல்ல பழக்கம், போடும் பொருள்தான் கூடாது. நம் சொதியிலும் குழம்பிலும் வெங்காயம், உள்ளி இல்லாமல் இருக்காது. அவை நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். உப்பு, தூள் சேர்க்குமுன் அவித்த கோழி இறைச்சியில் கொஞ்சம் எடுத்து, எலும்பு நீக்கி வெறும் சோற்றோடு கொடுங்கள். நத்தார் கேக்கும் வேண்டாம். அதிலுள்ள பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டில் எல்லோரும் ஒழுங்கு. விருந்தாளிகள் வந்தால் ரோல்ஸ், கட்லட் என்று ஊட்டிவிடுகிறார்கள்.

பதில்: வந்தவர்களைத் திருத்தப் போகாதீர்கள். தட்டு வெளியே வருமுன் நாயை அறைக்குள் விட்டு, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். தட்டுகளைக் குசினிக்குள் எடுத்த பிறகு திறந்துவிட்டால் சரி.