கடோலினியம் என்ற உலோகம் நச்சு என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அதை ஏன் ஊசியில் ஏற்றுகிறார்கள்?

நியாயமான சந்தேகம்தான். கடோலினியம் தனி அயனியாக உடம்புக்குள் போனால் நச்சுதான். அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால், கால்சியம் போகும் வழிகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அதைத் தனியாக விடுவதில்லை.

டோட்டா என்ற வளைய மூலக்கூறு நான்கு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என எட்டு இடங்களில் அதைக் கவ்விப் பிடிக்கிறது. ஒன்பதாவது இடம் ஒரு நீர் மூலக்கூறுக்கு. வேலையே அங்கேதான் நடக்கிறது. ஸ்கேனர் கிளறிவிட்ட அந்த நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை, கடோலினியத்தின் ஜோடி சேராத 7 எலெக்ட்ரான்கள் வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கின்றன. அது விலக, அடுத்த நீர் வந்து ஒட்டும். ஒரு நொடியில் பல லட்சம் முறை. இப்படிச் சுற்றியுள்ள நீரெல்லாம் மாறி, படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது.

காந்த வலிமை மட்டும்தான் முக்கியம் என்றால் அதன் உறவு உலோகங்களான டிஸ்ப்ரோசியமோ ஹோல்மியமோ இன்னும் மேல். ஆனால் அவற்றின் எலெக்ட்ரான் சுழற்சி மிக வேகமாக மாறிவிடும். ஹைட்ரஜனோடு தாளம் சேராது.

சரி, பிடி நழுவினால்? 1988இல் வந்த முதல் மருந்தில் இருந்தது வளையம் அல்ல, திறந்த சங்கிலி. சங்கிலி வகையில் பிடி எளிதில் அவிழும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் நோயோடு இம்மருந்துகளுக்குத் தொடர்பு இருப்பது 2006இல் தெரியவந்தது. 2017இல் ஐரோப்பாவில் சங்கிலி வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தார்கள்.

வேதியியலாளருக்குத் தலைவலி இதுதான்: இன்னொரு நீருக்கு இடம் விட்டால் வெளிச்சம் கூடும், பிடி பெரும்பாலும் தளரும்.