ஹெச்டிஆர் (வழக்கத்தைவிட அதிக வெளிச்சமும் நிறமும் கொண்ட) வீடியோக்கள் கணினியில் சாயம் போன மாதிரி தெரிகின்றன, சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) கூட்டியும் சரியாகவில்லை, சில கோப்புகள் பச்சையும் ஊதாவுமாக வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பிளேயரில் சாச்சுரேஷனைக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். கோப்பில் நிறம் கெடவில்லை, அதைப் படிக்கிற இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

நானும் இதில் ஒரு மாலைப் பொழுதை முழுசாகத் தொலைத்திருக்கிறேன். அக்கா மகளின் வளைகாப்பை ஒரு போனில் எடுத்திருந்தோம். போனில் பார்க்கும்போது அவள் கட்டியிருந்த அரக்குப் பட்டு அப்படியே அரக்காக இருந்தது, ஜரிகை தனியாக மின்னியது. அதே கோப்பை மடிக்கணினியில் போட்டால் புடவை வெயிலில் கிடந்த செங்கல் மாதிரி ஆகிவிட்டது. சாச்சுரேஷனை ஏற்றினேன், புடவை கொஞ்சம் தேறியது, ஆனால் பக்கத்தில் இருந்த எல்லார் முகமும் காய்ச்சல் வந்ததுபோல் சிவந்துவிட்டது. முகத்தைச் சரிசெய்தால் புடவை மறுபடி வெளிறியது. இப்படி ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று சாய்கிறது என்றாலே அது ஸ்லைடரால் தீரும் பிரச்சினை இல்லை என்று இப்போது தெரிகிறது.

காரணம் இதுதான். சாதாரண வீடியோ பிடி.709 என்ற சின்ன நிற எல்லைக்குள் எழுதப்பட்டது, ஹெச்டிஆர் பிடி.2020 என்ற பெரிய எல்லைக்குள். பெரிய எல்லையில் பாதி தூரத்தில் இருக்கிற சிவப்பைச் சின்ன எல்லையிலும் பாதி தூரத்தில் வைத்துக் காட்டினால் சிவப்பு செத்துப்போகத்தானே செய்யும், என் அக்கா மகள் புடவைக்கு நடந்தது அதுதான். வெளிச்சத்துக்கும் இதே கதை, அதை அளக்கும் அலகுக்கு நிட் என்று பேர். சாதாரண வீடியோவில் 100 நிட் என்பதுதான் வெள்ளை, அதாவது அளவுகோலின் உச்சி. ஹெச்டிஆரில் ஒரு வகையான ஹெச்டிஆர்10 பயன்படுத்தும் பிக்யூ வளைவு (வெளிச்சத்தை எண்ணாக எழுதும் முறை) 10,000 நிட் வரை போகிறது, அதில் 100 நிட் வந்து நிற்பது அளவுகோலின் ஏறக்குறைய நடுவில். இது பிக்யூ என்று தெரியாத பிளேயர் அந்த நடுவை நடுவாகவே காட்டும், வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்துவிடும். தெரிந்த பிளேயர் பெரிய அளவைத் திரைக்குத் தகுந்தபடி சுருக்கிக் கொடுக்கும், அதற்குத்தான் டோன் மேப்பிங் என்று பேர்.

சரி, என்ன செய்வது? மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: ஹெச்டிஆர் ஃபார்மட், கலர் பிரைமரீஸ், டிரான்ஸ்ஃபர் கேரக்டரிஸ்டிக்ஸ். பிடி.2020, பிக்யூ என்று இருந்தால் அது ஹெச்டிஆர்10 வகை. ஹெச்எல்ஜி (பிக்யூ போல இன்னொரு வளைவு) என்று இருந்தால் பெரும்பாலும் போனில் எடுத்ததோ டிவி ஒளிபரப்போ. ஐபோன் 12-லிருந்து வரும் டால்பி விஷன் (டால்பி நிறுவனத்தின் ஹெச்டிஆர் வகை) வீடியோக்களுக்கும் அடியில் இருப்பது ஹெச்எல்ஜிதான்.

பச்சையும் ஊதாவுமாக வருகிறது என்று சொன்ன அந்தக் கோப்புகளில் டால்பி விஷன், ப்ரொஃபைல் 5 என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைல் என்பது டால்பி விஷனின் உட்பிரிவு. ப்ரொஃபைல் 8-இல் அடியில் ஒரு ஹெச்டிஆர்10 அல்லது ஹெச்எல்ஜி படம் இருப்பதால் டால்பி தெரியாத பிளேயரும் அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ப்ரொஃபைல் 5-இல் அப்படி எதுவும் கிடையாது, நிறத்தை எழுதிய முறையே வேறு. அதை வழக்கமான முறையாக நினைத்துப் படித்தால்தான் இந்தப் பச்சை, ஊதா. இதற்கு வழி பிளேயரை மாற்றுவதுதான். நான் பயன்படுத்துவது எம்பிவி (mpv) என்ற இலவச பிளேயர். புதிய பதிப்பை இறக்கி, அதன் கான்ஃபிக் கோப்பில் வீடியோ அவுட்புட்டை ஜிபியு-நெக்ஸ்ட் (vo=gpu-next) என்று எழுதிவிட்டால் ப்ரொஃபைல் 5 ஒழுங்காக வருகிறது, மற்ற ஹெச்டிஆர் கோப்புகளுக்கும் டோன் மேப்பிங்கை அதுவே பார்த்துக்கொள்கிறது. உங்களுடையது சாதாரணத் திரை என்றால் வெளிறல் பிரச்சினையும் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறமும் வெளிறினால் கோப்பின் லேபிளைச் சந்தேகப்படுங்கள். வீடியோவை வெட்டும்போதும் ஒட்டும்போதும் சில மென்பொருள்கள் பிடி.2020, பிக்யூ என்ற குறிப்பைத் தவறவிட்டுவிடும். மீடியாஇன்ஃபோவில் அந்த வரிகளே இருக்காது, பிளேயர் பாவம் என்ன செய்யும், பிடி.709 என்று நினைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஏனென்றால் சில நொடிகளில் முடிந்துவிடும், மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை. எம்கேவிடூல்நிக்ஸ் (எம்கேவி கோப்புகளுக்கான இலவச மென்பொருள்) திறந்து, அதில் கோப்பின் குறிப்புகளைத் திருத்தும் ஹெடர் எடிட்டருக்குப் போய், வீடியோ டிராக்கின் கீழே நிறம் தொடர்பான இடங்களில் மேட்ரிக்ஸுக்கு 9, பிரைமரீஸுக்கு 9, டிரான்ஸ்ஃபருக்கு பிக்யூ என்றால் 16, ஹெச்எல்ஜி என்றால் 18 என்று போட்டுச் சேமியுங்கள். எம்பி4 கோப்பாக இருந்தால் முதலில் அதே மென்பொருளில் எம்கேவி ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நகல் எடுத்து அதில் செய்து பாருங்கள், அசலைத் தொட வேண்டாம்.

விண்டோஸில் ஹெச்டிஆரை ஆன் செய்யலாமா என்றால், திரை உண்மையிலேயே நல்ல வெளிச்சம் தரக்கூடியதாக இருந்தால் செய்யலாம். பெட்டியில் ஹெச்டிஆர் என்று அச்சடித்திருந்தும் 300 நிட் கூடத் தாண்டாத மானிட்டர்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் ஆன் செய்தால் டெஸ்க்டாப்பே மங்கிப்போகும். விண்டோஸ் விசை, ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆன், ஆஃப் மாறும், ஒரே காட்சியை நிறுத்திவைத்து இரண்டு விதமாகவும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிவியில் ஹெச்டிஎம்ஐ வழியாகப் பார்ப்பவர்கள் ஹெச்டிஆர் சிக்னலை ஏற்கும்படி அந்தப் போர்ட்டுக்கான அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர் என்று ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். கறுப்பு மட்டும் சாம்பலாக இருந்து மற்ற நிறமெல்லாம் ஓரளவு சரியாக இருந்தால் அது ஹெச்டிஆர் பிரச்சினையே இல்லாமல் போகலாம், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான எண்களைக் கணினி 16 முதல் 235 வரை அனுப்ப டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய வீடியோ என்றால் சாதாரண வீடியோவாக மாற்றியே அனுப்பிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் இலவசச் செயலியில் ஃபில்டர்ஸ் பக்கத்தில் கலர்ஸ்பேஸை பிடி.709 என்று வைத்து மாற்றினால் போதும். வளைகாப்பு வீடியோவை அப்படி மாற்றித்தான் அம்மாவின் பழைய போனுக்கு அனுப்பினேன். ஜரிகையின் மினுக்கம் கொஞ்சம் குறைந்துதான் போனது, ஆனால் புடவை அரக்காகவே இருந்தது.